கண்ணுள் வினைஞரும் கைப்பொறியும்

சங்க நூலாகிய மதுரைக்காஞ்சி ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்னும் பெயராற் குறிக்கின்றது. காண்போர் கண்ணிடத்தே தம் தொழிலை நிலைநிறுத்துபவர் என்பது அப்பெயருக்கு உரைகாரர் கொண்ட கருத்து. சித்திரம் சுவரில் எழுதப்படினும் கிழியில் எழுதப்படினும் அது நிலைபெறும் இடம் கண்ணே என்பது இதனாற் பெறப்படும். கண்ணில் நிலைபெற வேண்டிய வினை கண்ணிலே தொடங்கவும் வேண்டும். பொருளை உள்ளவாறு காணப் பழகாதவன் கையை எத்துணைப் பயிற்றினும் அவன் எழுதுவது வெறுங் கோடாகவே நின்றுவிடும். ஆகவே, சித்திரங் கற்பிக்கும் முறை எதனையும் மதிப்பிடப் புகுவோர், அது கைக்குக் கற்பிப்பது யாது, கண்ணுக்குக் கற்பிப்பது யாது என்னும் இரண்டையும் வினவுதல் வேண்டும்.

இவ்வினாவைப் புதுமுறையில் எழுப்பியது ஒரு விளையாட்டு. யப்பானிய நிறுவனமாகிய நின்ரெண்டோ வெளியிட, இலண்டனில் இயங்கிய ஹெட்ஸ்ட்ரோங் கேம்ஸ் என்னும் குழுவினர் ஆக்கிய 'ஆர்ட் அக்கடெமி' என்பதே அது. 2009ஆம் ஆண்டில் முதற் பருவம், இரண்டாம் பருவம் என இரு பகுதிகளாக இணையக் கடை வழியே வந்து, 2010இல் பாடங்கள் விரிவாக்கப்பெற்றுத் தனி அட்டையாக வெளிவந்தது. யப்பானில் அதற்கு இடப்பட்ட பெயர், சித்திர உள்ளத்தை வளர்க்கும் வகுப்பு என்னும் பொருள் தருவது. விளையாட்டுக்கு வகுப்பு என்று பெயரிட்டமையே ஆக்கியோர் கருத்தைத் தெளிவாக்கும். அவர்கள் பொழுதுபோக்கு ஒன்றை மட்டும் ஆக்க எண்ணவில்லை. ஓர் ஆசிரியனையே ஆக்க எண்ணினர். அவ்வெண்ணம் எவ்வளவு நிறைவேறியது என்பது ஆராயத்தக்கது.

இப்பாடங்களைத் தாங்கும் நின்ரெண்டோ டீஎஸ் என்னும் கைப்பொறி 2004இல் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. சிறு நூல்போல விரியும் அப்பொறியில் மேலும் கீழுமாக இரண்டு திரைகள் உள. கீழ்த்திரை தொடுகையை உணர்வது. அதில் எழுதுதற்கு உதவும் சிறு கோல், நம் முன்னோர் ஓலையில் எழுதிய எழுத்தாணியை நினைவூட்டுவது. அதனை எழுத்தாணி என்றே வழங்கலாம். மேல்திரையில் வரைய வேண்டிய பொருளின் படமும், அதனை ஆசிரியர் படிப்படியே வரைந்து காட்டும் மாதிரியும் தோன்றும். கீழ்த்திரையே மாணாக்கனின் தாள். ஆசிரியராக வருபவர் வின்ஸ் என்னும் கற்பனைப் பாத்திரம். தாடியும் புன்சிரிப்பும் உடைய ஓவியர். அவர் எளிய கனி ஒன்றில் தொடங்கி நிலக்காட்சி வரையில் மாணாக்கனை அழைத்துச் செல்கின்றார். பென்சிலால் எல்லைக்கோடு இடுதல், நிழலும் ஒளியும் பிரித்தல், வண்ணத் தட்டில் நிறங் கலத்தல், பரந்த பரப்புகளை முதலில் நிரப்பி நுண்மைகளைப் பின்னர் சேர்த்தல் என்னும் ஒழுங்கு பாடந்தோறும் காணப்படும். முடிந்த படம் காட்சிச்சாலைச் சுவரில் தொங்கவிடப்படும்.

திரையிற் சித்திரம் எழுதுதல் இதனோடு தொடங்கியதன்று. அதே நிறுவனம் 1992இல் வெளியிட்ட 'மாரியோ பெயின்ற்' என்னும் விளையாட்டு, தொலைக்காட்சித் திரையில் வண்ணந் தீட்டும் வசதியைச் சிறுவர்க்கு அளித்தது. ஆயினும் அது கருவிகளைக் கொடுத்து ஒதுங்கிக்கொண்டது. தூரிகையைப் பிடித்த சிறுவன் அடுத்து என்ன செய்வதென்று அறியாது கிறுக்கி மகிழ்ந்தான், அவ்வளவே. பின்வந்த நூலோ கருவியோடு முறையையும் சேர்த்துக் கொடுத்தது. நூல் என்னும் சொல் ஈண்டுப் பொருந்தாதெனிற் பாடத்திட்டம் எனலாம். அதன் சிறப்பு அம்முறையிலேயே தங்கியிருக்கின்றது.

புதிதாய் வரையத் தொடங்குவோர் பெரும்பாலும் வழுவுவது வரிசையில். ஒரு முகத்தை வரைய எண்ணியவன் கண்ணிமையின் மயிரை முதலில் எழுதிவிட்டுத் தலைக்கு இடமின்றித் திகைப்பான். கனியை வரைபவன் அதன் மேலுள்ள புள்ளிகளில் மனம் பற்றி உருவத்தை இழப்பான். பெரியதை முதலிலும் சிறியதைப் பின்னரும் செய்க என்னும் விதி கேட்பதற்கு எளிது, கைக்கொள்வதற்கு அரிது. வின்ஸ் அவ்விதியை உபதேசமாகச் சொல்லி விடுவதில்லை. ஒரு படியை முடித்தாலன்றி அடுத்த படி திறவாதவாறு பாடம் அமைந்திருப்பதால், மாணாக்கன் அறியாமலே அவ்விதியிற் பழகுகின்றான். சித்திர வகுப்பில் ஆசிரியர் பலர் ஆண்டு முழுவதும் சொல்லியும் ஊன்றாத பழக்கம் இவ்வாறு ஊன்றுவது சிறிய பயனன்று.

மற்றொரு நன்மையும் உண்டு. விளையாட்டு என்று பெயர் பூண்டிருந்தும் இதில் வெற்றியும் தோல்வியும் இல்லை. பரீட்சைப் புள்ளியும் இல்லை. இளமையிற் பிறர் சொன்ன ஒரு கடுஞ்சொல்லால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டவர் உலகிற் பலர். அவர்கள் நாற்பதாம் வயதிற் சித்திர வகுப்பிற் சென்று அமர நாணுவர். உள்ளங்கை அளவான பொறியின் முன் அந்நாணம் தோன்றாது. தாள் வீணாவதில்லை, வண்ணஞ் செலவாவதில்லை, அழித்து எழுதினால் அறிவாரும் இல்லை. அச்சம் நீங்கிய இடத்திலே பயிற்சி பெருகும் என்பது ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிந்ததே.

இப்பாடங்களில் மாணாக்கனுக்கு உதவியாக வரும் கருவிகளுள் முதன்மையானது சதுரக் கட்டம். மேல்திரையில் உள்ள படத்தின் மீதும் கீழ்த்திரையில் உள்ள தாளின் மீதும் ஒரே அளவான கட்டங்கள் விழும். எந்தக் கட்டத்தில் எந்தக் கோடு புகுந்து எந்தப் பக்கமாக வெளியேறுகின்றது என்று நோக்கி, அவ்வாறே தன் கட்டத்தில் எழுதினால் உருவம் பிழையாது. இதனைக் குறுக்குவழி என்று இகழ்வோர் உளர். அவ்விகழ்ச்சி பொருந்தாது. இத்தாலிய அறிஞர் அல்பேர்ட்டி 1435இல் எழுதிய ஓவிய நூலில், கண்ணுக்கும் பொருளுக்கும் இடையே நூலிழைகளாற் கட்டமிட்ட மெல்லிய திரையைத் தொங்கவிட்டு வரையும் முறையை விதந்து கூறினார். யேர்மனிய ஓவியர் டியூரர் எழுதிய அளவை நூலின் 1538ஆம் ஆண்டுப் பதிப்பில், ஓர் ஓவியன் கட்டமிட்ட சட்டத்தின் வழியே எதிரிற் கிடக்கும் பெண்ணை நோக்கி, முன்னே விரித்த கட்டத் தாளில் எழுதுவதைக் காட்டும் மரவெட்டுப் படம் உண்டு. பழம்பெரும் ஓவியர் கைக்கொண்ட கருவியை இன்றைய மாணாக்கன் கைக்கொள்வதில் இழுக்கில்லை.

ஆயினும் கருவி ஒன்றாயினும் வினை ஒன்றன்று. டியூரர் காட்டிய ஓவியனின் கட்டம் உயிருள்ள உடலின் முன் நிற்கின்றது. அவன் தலையைச் சிறிது அசைத்தாலும் கட்டத்தினுள் காட்சி மாறிவிடும். ஆகையால் அவன் கண் விலகாதவாறு கூர்ங்கோல் ஒன்று எதிரே நிறுத்தப்பட்டிருக்கின்றது. எங்கிருந்து நோக்குவது என்பதை அவனே முடிவு செய்தான். திண்ணிய உடலைத் தட்டையான தாளுக்கு மாற்றும் வினையை அவன் கண்ணே செய்தது. பொறியின் திரையில் உள்ளதோ முன்னமே தட்டையாக்கப்பட்ட படம். நோக்குமிடம் தெரிந்தெடுக்கப்பட்டுவிட்டது, ஒளி நிறுத்தப்பட்டுவிட்டது, பொருளின் எல்லை வகுக்கப்பட்டுவிட்டது. மாணாக்கன் தட்டையானதைப் பார்த்துத் தட்டையாக எழுதுகின்றான். சித்திரக் கலையின் மிகக் கடினமான பகுதியை வேறொருவர் செய்து முடித்த பின்னரே பாடம் தொடங்குகின்றது.

இவ்வேற்றுமையை ஒரு குடத்தைக் கொண்டு விளக்கலாம். குடத்தின் வாய் வட்டமென்பதைச் சிறுவன் அறிவான். அவ்வறிவே அவனுக்குப் பகையாகின்றது. எதிரே இருக்கும் குடத்தின் வாய் அவன் கண்ணுக்கு நீள்வட்டமாகவே தோன்றினும், அவன் முழுவட்டத்தையே எழுதுவான். அடியையோ நேர்கோடாக எழுதுவான். அறிந்ததை ஒதுக்கிக் கண்டதை எழுதுதல் என்னும் இப்படியைக் கடப்பதே சித்திரக் கல்வியின் வாயில். குடத்தின் புகைப்படத்தில் அந்த நீள்வட்டம் ஆயத்தமாக எழுதப்பட்டிருக்கின்றது. அதனைப் பெயர்த்தெழுதியவன் நல்ல குடம் ஒன்றை எழுதிவிட்டதாக மகிழ்வான். மறுநாள் அடுக்களையில் உள்ள குடத்தின் முன் அமர்ந்தால் மீண்டும் முழுவட்டமே கையில் வரக்கூடும்.

படத்தைப் பார்த்து எழுதுதல் முற்றும் பயனற்றது என்று இதனாற் கொள்ளலாகாது. பிரான்சில் சார்ல்ஸ் பார்க் என்பவர் ஜெரோம் என்னும் ஓவியரோடு சேர்ந்து 1866 முதல் 1871 வரையில் வெளியிட்ட வரைதற் பாடத் தாள்கள் ஏறக்குறைய இருநூறு. அவை யாவும் பார்த்து எழுதுதற்கென அச்சிடப்பட்டவையே. தாமே கற்கத் துணிந்த வின்சென்ட் வான் கோ 1880இல் அத்தாள்களை இடைவிடாது எழுதிப் பழகினார். அமெரிக்க ஆசிரியை பெற்றி எட்வேட்ஸ் 1979இல் வெளியிட்ட நூலில், ஒரு சித்திரத்தைத் தலைகீழாக வைத்து எழுதும் பயிற்சியை அமைத்தார். தலைகீழான வடிவத்தில் மூக்கு, வாய் என்னும் பெயர்கள் மனத்தில் எழாமையால், கண் கோடுகளையே காண்கின்றது. கட்டத்தின் பயனும் இத்தகையதே. தட்டைப் படமும் கண்ணைப் பழக்கும். ஆயினும் அது முதற்படி. பார்க்கின் தாள்களை முடித்த மாணாக்கன் உயிருள்ள மனிதன் முன் அமர்த்தப்பட்டான். வான் கோ சுரங்கத் தொழிலாளரையும் வயலில் உழைப்போரையும் தேடிச் சென்றார். பொறியின் பாடத்தில் அந்த அடுத்த படி இல்லை.

இரண்டாவது குறை கையைப் பற்றியது. கீழ்த்திரை குறுக்காக 256, நெடுக்காக 192 ஒளிப்புள்ளிகளைக் கொண்டது, மொத்தம் 49,152. நுண்மையை விரும்பினால் பெருக்கிப் பார்க்கும் வசதி உண்டு. பெருக்கியபோது முழுமை கண்ணை விட்டு அகலும். மேலும், தாளின் மேல் பென்சிலை மெல்ல வைத்து மெல்ல அழுத்தி மீண்டும் மெல்ல எடுக்கும்போது, ஒரே கோடு மெலிந்து தடித்து மெலியும். அவ்வழுத்தத்தில்தான் கனியின் திரட்சியும் துணியின் மென்மையும் பிறக்கின்றன. வழவழப்பான திரைப் பரப்பில் எழுத்தாணி சறுக்கிச் செல்லும். தாளின் சொரசொரப்புக் கைக்குத் தரும் எதிர்ப்பு அங்கு இல்லை. தோளும் முழங்கையும் சேர்ந்து இயங்க வேண்டிய நீண்ட கோட்டுக்கும் அங்கு இடமில்லை. விரல் நுனிகளே தொழில் செய்கின்றன.

மூன்றாவது குறை எல்லாவற்றினும் பெரிது. வின்ஸ் பேசுகின்றார், காண்பதில்லை. ஒரு படி முடிந்ததா என்பதை மாணாக்கனே தீர்மானித்துத் திரையைத் தொடுகின்றான். அவன் கனியை எழுதியிருந்தாலும், கனிக்குப் பதிலாக வெறுங் கிறுக்கலை இட்டிருந்தாலும் ஆசிரியரின் பாராட்டு ஒன்றே. முன்னே சொல்லப்பட்ட நன்மையின் மறுபக்கம் இஃது. நாணத்தை நீக்கியது எதுவோ அதுவே திருத்தத்தையும் நீக்கிவிட்டது. நல்ல சித்திர ஆசிரியர் மாணாக்கனின் தோளருகே நின்று, நிழல் ஒளியின் பக்கமே விழுந்திருப்பதைச் சுட்டுவார். சில வேளை ஒன்றுஞ் சொல்லாது குடத்தைச் சற்றுத் திருப்பி வைத்துவிட்டுப் போவார். அவர் தருவது மதிப்பெண்ணை விட மேலானது. தன் வரைவை மற்றொருவர் கண்ணாற் காணும் திறனை அவர் தருகின்றார். காலப்போக்கில் அக்கண் மாணாக்கனுக்கே உரியதாகிவிடும். எல்லோர்க்கும் ஒரே புகழ்மொழி கூறும் ஆசிரியரிடம் அக்கண்ணைப் பெறுதல் இயலாது.

நூல் வழியே கற்போரையும் நூலாசிரியர் காண்பதில்லையே. அந்நூல்களைப் போற்றுவோர் பொறியை மட்டும் குறை கூறுவது எங்ஙனம் என்று வினவலாம். நியாயமான வினாவே. விடை காண்பதற்கு ஜோன் றஸ்கின் 1857இல் எழுதிய வரைதற் பால பாடத்தை நோக்குதல் வேண்டும். இலண்டனில் தொழிலாளர் கல்லூரியிற் கற்பித்த அனுபவத்தோடு, தொடக்க நிலையினர்க்கு மூன்று கடிதங்களாக அவர் அதனை எழுதினார். காணும் திறனே வரையும் திறனினும் முதன்மையானது என்பது அவர் கொள்கை. ஒரு சிறு சதுரத்தை மைக்கோடுகளாற் சீராக நிரப்பும் பயிற்சியை முதலில் விதித்த அவர், விரைவில் மாணாக்கனை உருண்டைக் கல் ஒன்றை எடுத்து வந்து முன்னே வைத்து அதன் திரட்சியை எழுதுமாறு ஏவுகின்றார். கல்லை ஒழுங்காக எழுதக் கற்றவன் கலையின் எல்லைக்கு உட்பட்ட எதனையும் எழுதலாம் என்பது அவர் துணிபு. அக்கல் நூலில் இல்லை. அதனைத் தேடி மாணாக்கன் நூலை மூடிவைத்து வெளியே போதல் வேண்டும். கல்லோ பொய் சொல்லாது. எழுதியதையும் கல்லையும் ஒப்பிடும்போது பிழை தானே தோன்றும். நூலாசிரியர் காணாத குறையைக் கல் நிறைவு செய்கின்றது.

தொலைக்காட்சி வழியே கற்பித்த பொப் றொஸ் என்னும் அமெரிக்கரின் நிகழ்ச்சியும் இவ்வகையில் ஒருபடி மேலானது. 1983 முதல் 1994 வரையில் 403 நிகழ்ச்சிகளில் அவர் மலையும் மரமும் எழுதிக் காட்டினார். அவரைப் பார்த்து எழுத விரும்பியவன் தனக்கெனக் கிழியும் தூரிகையும் எண்ணெய் வண்ணமும் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. ஈர வண்ணம் கிழியில் எவ்வாறு பரவும் என்பதைத் திரை கற்பிக்கவில்லை, கிழியே கற்பித்தது. நின்ரெண்டோவின் பொறியிலோ ஆசிரியரும் மாதிரியும் தாளும் தூரிகையும் காட்சிச்சாலையும் ஒரே பெட்டியுள் அடங்கிவிட்டன. வெளியே செல்வதற்குக் காரணமே எழவில்லை. இந்த நிறைவே அதன் வசதி. இதுவே அதன் அடிப்படைக் குறையும் ஆகும். பாடத்திற்குப் புறம்பே விருப்பம்போல் எழுதும் பகுதி ஒன்று உளதென்பதும், அதனைக் கொண்டு எதிரில் உள்ள மெய்ப்பொருளை எழுதலாம் என்பதும் உண்மையே. வழி திறந்திருக்கின்றது, அவ்வழியே செல்க என்று கைகாட்டுவதுதான் இல்லை.

இவ்விடத்து அக்குழுவினரின் பிந்திய ஆக்கம் ஒன்றை ஒப்பு நோக்குதல் தகும். 2014இல் வெளிவந்த 'பொக்கெமொன் ஆர்ட் அக்கடெமி' கனியையும் நிலக்காட்சியையும் விடுத்து, பொக்கெமொன் என்னும் கற்பனை உயிர்களை எழுதக் கற்பிக்கின்றது. கலைத் தரம் நோக்குவோர் இதனைத் தாழ்ந்ததென்று ஒதுக்கக்கூடும். ஆயினும் கற்பித்தல் என்னும் அளவில் இஃது ஒருவகையில் நேர்மையானது. அவ்வுயிர்கள் உலகில் எங்கும் நடமாடுவன அல்ல. தாளிற் கோடாகவே பிறந்தவை. அவற்றுக்கு மாதிரியாகத் தட்டைப் படத்தைக் காட்டுவதால் இழக்கப்படுவது சிறிதே. வட்டமும் முட்டை வடிவமும் இட்டு அவற்றின் மேல் உருவத்தைக் கட்டும் முறையைப் பொறி நன்றாகவே கற்பித்துவிடுகின்றது. பொறியின் ஆற்றல் எல்லை இதனால் வெளிப்படையாகின்றது. தாளிற் பிறந்ததைத் தாளில் எழுதுவிக்க அது வல்லது. உலகிற் பிறந்ததை எழுதுவிக்க அது போதாது.

காலத்தின் சோதனையும் கருதத்தக்கது. 2009ஆம் ஆண்டு வடிவத்தை விற்ற இணையக் கடை 2017இல் மூடப்பட்டது; அடுத்து வந்த பொறிகளுக்குரிய கடைகளில் விற்பனை 2023இல் நிறுத்தப்பட்டது. அட்டையும் பழைய பொறியும் கையில் உள்ளவர்க்கே பாடம் உண்டு. றஸ்கினின் நூல் நூற்றறுபது ஆண்டு கடந்தும் எவர்க்கும் எட்டுவதாக இருக்கின்றது. பொறியோடு பிறந்த கல்வி பொறியோடு மூப்படைதல் இயல்பு. அக்கல்வியிலிருந்து மாணாக்கன் எடுத்துச் செல்வது கையிலும் கண்ணிலும் தங்கியதே.

இவை யாவற்றையும் சீர்தூக்கின், 'ஆர்ட் அக்கடெமி' நல்ல வாயிற்காவலன். வீட்டுக்குரிய தலைவன் அன்று எனலாம். சித்திர ஆசிரியர் வாய்க்காத பாடசாலைகளில் அதனையோ அது போன்ற பிறவற்றையோ ஆசிரியர்க்குப் பதிலாக வைத்துவிடலாம் என எண்ணுவோர், அது செய்யும் வினையையும் செய்யாத வினையையும் பிரித்தறிதல் வேண்டும். வரிசையையும் பொறுமையையும் அது கற்பிக்கும், அச்சத்தைப் போக்கும். கண்ட பொருளைத் தாளுக்குக் கொணர்தலும், எழுதியதைப் பிறர் கண்ணால் நோக்கித் திருத்தலும் அதற்கு அப்பாற்பட்டவை. அதனைப் பயன்படுத்தும் வழியும் இதனாற் புலப்படும். திரையில் ஒரு கனியை எழுதி முடித்த மாணாக்கன், அன்றே சந்தையில் வாங்கிய கனி ஒன்றைப் பலகை மேல் வைத்து, வெறுந்தாளில் பென்சிலால் மீண்டும் எழுதுதல் வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்து, அறிந்தவர் ஒருவரிடம் காட்டுதல் வேண்டும். இரண்டாவது படம் முதலாவதினும் குன்றியதாகவே இருக்கும். அக்குறைவைக் கண்டு அவன் தளராதிருப்பானாயின், அவனது சித்திரக் கல்வி அந்த இரண்டாவது தாளிலேயே தொடங்கிவிட்டது.